மூணாம் நம்பர் கேமரா

ஜூலை 13, சனி

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு என் நாட்களில் எதுவும் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தன்னைப் பற்றி எழுதியதும் இல்லை. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் எனக்கு ஒரு கோளாறு இருக்கிறது. சொல்ல வேண்டிய பதில், கேட்ட ஆள் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு வருகிறது. தாமதமாக வரும் பதில்களைப் போட்டுவைக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு.

பெயர் மோகனப்பிரியா. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். தாராபுரத்தில் ஈஸ்வரமூர்த்தி சார் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். பத்து மாதமாகக் கல்யாணங்களுக்குப் போய்ப் படமும் எடுக்கிறேன். மணப்பெண் அலங்கார அறைக்குள் ஆண்கள் போக முடியாது என்பதால் சார் என்னை அனுப்புகிறார். வீட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை.

கடையில் மூன்று கேமராக்கள், ஸ்டிக்கரில் நம்பர் ஒட்டியவை. ஒன்று பூபதி அண்ணனுக்கு. இரண்டு சாருக்கு. மூன்று எனக்கு. மூணாம் நம்பரை அணைத்துப் போட்டால் முதல் படம் கறுப்பாக விழும். பட்டனை இடது ஓரத்தில் அழுத்தினால்தான் வேலை செய்யும். ஃப்ளாஷ் எரிவதே இல்லை. பின்னால் உள்ள திரையில் மூன்றில் ஒரு பங்கு செத்துவிட்டது. அதனால் எடுத்ததைப் பார்த்து நான் சந்தோஷப்படவும் முடியாது, வருத்தப்படவும் முடியாது. அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.

நேற்று உடுமலை ரோட்டு மண்டபத்தில் ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். சார் அதே நாளில் காங்கேயத்தில் இன்னொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகுமுன் பெண் வீட்டாரிடம் எங்களை அறிமுகம் செய்தார். "இவன் பூபதி, நம்ம மெயின் போட்டோகிராஃபர். இது மோகனா, ஆல்பம்."

ஆல்பம். நான் வணக்கம் சொன்னேன். "போட்டோகிராஃபருங்க" என்ற பதில் இப்போது வருகிறது.

ஜூலை 15, திங்கள்

தண்ணீர் வந்தது. பதினான்கு குடம் பிடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போக ஒன்பதரை.

வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தின் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். என்னுடையதில் கால்வாசி தரை. முதல் படம் கறுப்பாக விழும் என்பதால், முக்கியமான எதற்கும் முன்னால் கீழே பார்த்து ஒன்றிரண்டு தட்டிவிடுவேன். முதலாவது கறுப்பு, இரண்டாவது தரை. அதை அழிக்க மனம் வராமல் ஒரு தனி ஃபோல்டரில் சேர்க்கிறேன். சிந்திய அரிசி, மிதிபட்ட மல்லிகை, மருதாணிக் கால். இந்த மணப்பெண் மேடையேறும்போது கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அது தெரியவே இல்லை.

பிறகு பூபதி அண்ணனுடையதைத் திறந்தேன். தாலி கட்டிய நேரத்தில் ஒன்பது படங்கள். நான்கு இருட்டு. மூன்று வெள்ளைத் தாள் போல. இரண்டில் யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கை.

காரணம் ஐந்து நிமிடத்தில் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு ஸ்டுடியோவைக் கூட்டி வந்திருந்தார்கள். ஃப்ளாஷை ஸ்டாண்டில் வைத்து ரிமோட்டில் எரிய வைப்பது இப்போது எல்லாருக்கும் வழக்கம். அந்த ரிமோட் பெட்டியிலிருந்து வரும்போதே ஒன்றாம் சேனலில் இருக்கும். அதை யாரும் மாற்றுவதில்லை. அவர்கள் அழுத்தினால் எங்கள் ஃப்ளாஷ் எரியும். நாங்கள் அழுத்தும்போது அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், படம் இருட்டு. இரண்டு பேரும் ஒன்றாக அழுத்தினால் இரண்டு ஃப்ளாஷும் சேர்ந்து எரியும், படம் வெள்ளை. மற்ற நேரத்தில் இன்னொன்று எடுத்துச் சமாளிக்கலாம். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் விடாமல் அழுத்துவார்கள்.

பூபதி அண்ணன் டீ டம்ளரோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். டம்ளர் வாய்க்குப் போகவில்லை.

"அட கெரகமே. அத்தனையுமா?"

"ஒம்பதும்ண்ணா."

"மோகனா, ஈஸ்வரமூர்த்தி அண்ணன்கிட்டச் சொல்லிப்போடாத. கொன்னே போடுவாரு. உன்ற கேமராவுல ஏதாச்சும் இருக்குதா பாரு."

இருந்தது. பெண்ணின் ஜடை நழுவுகிறது என்று அவளுடைய அத்தை என்னை மேடைக்குப் பின்பக்கம் கூப்பிட்டிருந்தார். ஊசி குத்திவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். பெண்ணின் தோளுக்கு மேலாக எடுத்த படம். மாப்பிள்ளையின் முகம், முடிச்சின் மேலேயே கண். பக்கத்தில் மூன்றாவது முடிச்சுக்காக நாத்தனாரின் விரல்கள். முன்னாலிருந்து வீடியோக்காரர் அடித்த விளக்கில் அட்சதை அரிசி ஒவ்வொன்றும் காற்றில் மின்னிக்கொண்டு நிற்கிறது. மூணாம் நம்பருக்கு ஃப்ளாஷ் இல்லாததால் அதை யாரும் கெடுக்க முடியவில்லை.

அந்தப் படத்தை இரண்டு பக்கம் விரித்துப் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆல்பத்தில் யார் எடுத்தது என்று போடுவதில்லை. அதனால் ஒன்றும் இல்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. சார் கேமராக்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

தாலுகா போட்டோகிராஃபர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஆகஸ்ட் பத்தொன்பது, போட்டோகிராஃபர்கள் தினத்தன்று இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வெளியிடுகிறார்கள். "என்னிடம் இருந்ததிலேயே மோசமான கேமரா" என்று ஆளுக்கு ஒரு பக்கம். நான் நேரில் போய்க் கேட்டு எழுதி, மூணாம் நம்பரில் ஆளுக்கு ஒரு படமும் எடுத்து வர வேண்டும்.

"நல்ல கேமராவப் பத்திக் கேட்டா அத்தன பேரும் பீத்திக்குவாங்க மோகனா. மோசமானதக் கேளு. அப்பத்தான் நெசம் வரும்."

"நானுங்களா சார்? எனக்குப் பேச வராதுங்க."

"நீ எதுக்குப் பேசற? அவங்க பேசுவாங்க."

ஜூலை 20, சனி

மூலனூர் நாச்சிமுத்து ஐயா. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

அவருடைய கேமராவின் பின்கதவு நினைத்தபோது திறந்துகொள்ளுமாம். வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு கல்யாணத்தில் டியூப் அறுந்து, கதவு வெயிலில் விரிந்துவிட்டது.

"என்ன பண்ணுனீங்க?"

"சட்டுனு கேமராவோட குத்தவெச்சு வேட்டிய எடுத்துத் தலையோட மூடிக்கிட்டேன். சனமெல்லாம் ஓடியாந்து வவுத்து வலியான்னு கேக்குது. ஒருத்தரு சோடா வாங்கியாந்துட்டாரு. குடிச்சேன். படத்துல எல்லாம் செகப்புச் செகப்பாக் கோடு. பொண்ணோட அப்பன் அதென்னன்னாரு. ஓம குண்டத்து வெளிச்சம் வேட்டிக்குள்ள நொழைஞ்சிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். அதுக்கப்புறம் அந்தூர்ல பாதிப்பேரு, எங்களுக்கும் அதே மாதரி ஓம வெளிச்சம் போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க அம்மணி."

நான் சிரித்தேன். அவர் இன்னும் மூன்று கதை சொன்னார். பேசாமல் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் நன்றாகக் கேட்கிறவள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு நல்லதுதான்.

ஜூலை 24, புதன்

அந்தோணிராஜ் அண்ணாச்சி. நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து முப்பது வருடம். அவருடைய கேமராவின் லென்ஸ் ஏழடியில் இறுகிப் போனது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் மங்கல்.

"ஏழடின்னா ஒரு ஜமுக்காளம். மண்டபத்துக்குப் போனதும் ஜமுக்காளத்த விரிப்பேன். இந்த நுனியில நான், அந்த நுனியில அவங்க. கலெக்டரே வந்தாலும் ஜமுக்காளத்துக்கு அங்கிட்டு நின்னாத்தான் படம். தாலி கட்டுற நேரத்துல மணவறைக்கு முன்னால ஜமுக்காளத்தக் கொண்டு போட்டேன். ஐயர் அதுமேல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு!"

பிறகு என் தோள்பையைப் பார்த்தார். "நீ என்ன வச்சிருக்க, எடு பாப்போம்."

மூணாம் நம்பரைக் கொடுத்தேன். அழுத்தினார். கறுப்பு. மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "இடது ஓரத்துலங்க" என்றேன். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உடனே சாருக்குப் போன் போட்டார்.

"ஈஸ்வரா, போட்டிய முடிச்சிரு. ஜெயிச்ச கேமரா உன் கடையில வேலை பாக்குற பொண்ணு கையில இருக்கு. எங்களுக்கெல்லாம் அது பழைய கதை டே. இந்தப் புள்ள நாளைக்கும் இதத் தூக்கிட்டுல்லா போகணும்!"

அந்தப் பக்கம் சார் என்ன சொன்னாரோ தெரியவில்லை. அண்ணாச்சி ரொம்ப நேரம் சிரித்தார்.

ஜூலை 25, வியாழன்

கடையில் சார் போனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் நாச்சிமுத்து ஐயாவின் பக்கத்தை டைப் செய்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக் கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்தின் மாதிரியைப் பார்க்க வந்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். தாலிப் படத்தில் கை நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ள மொகத்த நான் அன்னைக்குப் பாக்கவே இல்லீங்க. பொண்ணு மொகத்தையே பாத்துட்டு நின்னுட்டேன். முடிச்சுல இருந்து கண்ண எடுக்கல பாருங்க அவரு."

சார் எட்டிப் பார்த்தார். அவரும் அந்தப் படத்தை அப்போதுதான் கவனித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. சாய்ந்து உட்கார்ந்து சத்தமாகச் சொன்னார்: "பூபதி! பின்னாடி சுத்திப் போயி எடுத்திருக்கறான் பாருங்கம்மா. அதுதான் அனுபவங்கறது."

பூபதி அண்ணன் தலையைச் சொறிந்தார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தக்காளி வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அமராவதிக் கரையில் கூட்டம். அம்மாவோடு போனேன். கேமரா எடுத்துப் போகவில்லை. ஆனாலும் எங்கே நின்றால் எது நன்றாக விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா இரண்டு தடவை, "எங்க பாத்து நடக்கற?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சையது பாவா பாய். பிலிம் கேமராவில் முப்பத்தாறு படம் முடிந்ததும் சுற்றும் பிடி இறுகி நிற்கும். ஒரு கல்யாணத்தில் அது நிற்காமல் நாற்பது, நாற்பத்தொன்று என்று போய்க்கொண்டே இருந்ததாம். பிலிம், அதை இழுக்கும் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை. தாலி கட்டி முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

"பொண்ணோட அப்பாவத் தனியாக் கூப்புட்டு உள்ளத உள்ளபடி சொன்னேன்மா. மறுபடி எல்லாத்தையும் நிக்க வெச்சு எடுத்துத் தரேன், தாலிய மட்டும் ரெண்டாவது தடவ கட்டச் சொல்ல முடியாது, அந்தப் படம் இல்ல, எம்மேல தப்புன்னேன். மனுசன் போயி மோர் கொண்டாந்து குடுத்தாரு. பதினெட்டு வருசங்கழிச்சு ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கு என்னத்தான் கூப்பிட்டாரு."

"கேமரா மோசங்களா, மாட்டுனது மோசங்களா?" என் வாயிலிருந்து எப்படியோ வந்துவிட்டது.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "கேமரான்னுதான் இத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கேன். நீ அப்படியே எழுதிக்க."

அப்படியே எழுதியிருக்கிறேன்.

பதினோரு கதை சேர்ந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒருமுறை படித்தேன். பதினோரு கேமராவும் குப்பை. ஒன்றில் கதவு திறக்கிறது, ஒன்றில் லென்ஸ் நகரவில்லை, ஒன்றில் பூஞ்சை. ஆனால் பதினோரு கதையிலும் கேமரா காலை வாரும்போது அந்த ஆள் நின்ற இடம் ஒன்றுதான். மணவறைக்கு நேர் முன்னால். மோசமான கேமராவை வைத்திருந்ததற்காக அவர்களை யாரும் பெண் அறைக்கு அனுப்பவில்லை.

இதை மலரில் எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மலருக்கு அட்டைப்படம் முடிவாகிவிட்டது. தாலிப் படம். சங்கத்தில் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்களாம். சார் கடைக்குள் வரும்போதே கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"அட்டைய நீயே பண்ணிரு மோகனா. கீழ 'படம்: பூபதி, தாராபுரம்'னு போட்டுரு."

டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். எழுத்தை இடதுபக்கம் வைத்துப் பார்த்தேன், வலதுபக்கம் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் படம் கெட்டது.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் அம்மாவிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். எதையும் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்துத்தான் பார்ப்பாள்.

"நல்லா இருக்குதே. ஆரு எடுத்தது?"

"நாந்தாம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கேமராவெல்லாம் புடிக்கறயா?"

"பத்து மாசமா."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"நீயே சொல்லிரும்மா."

"சரி, சொல்லிக்கறேன்." அவ்வளவுதான் அதற்கு. பத்து மாதமாக நான் பயந்தது இதற்குத்தான். பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். பூபதி அண்ணன் பெயர் போடுகிறார்கள் என்றதும் அம்மாவின் புருவம் சேர்ந்தது.

"அதெப்படி? நான் செக் பண்ணுன பனியன்ல என்ற நம்பர் போகுது. நாப்பத்தேழு. ஓட்டை இருந்தாலும் நாப்பத்தேழுதான், நல்லாயிருந்தாலும் நாப்பத்தேழுதான். பக்கத்துச் சீட்டுக்காரி நம்பர ஒட்டியுட்டா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். நீ பி.எஸ்சி. படிச்சவ. வாய் எதுக்கு இருக்குது?"

ஆகஸ்ட் 12, திங்கள்

சார் அச்சகத்துக்குப் போன நேரம் பார்த்துப் பூபதி அண்ணனிடம் பேசினேன். என்ன சொல்ல வேண்டும் என்று முன்னதாகவே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்று வரி.

"அண்ணா, ஆல்பத்துல பேர் வராது, அதனால நான் ஒண்ணும் சொல்லல. அட்டையில பேர் வருது. நீங்க சொல்லிட்டா நல்லது, இல்லீன்னா நான் சொல்லோணும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மெரட்டறயா?"

மனப்பாடம் செய்தது அதோடு தீர்ந்துவிட்டது. ஆனால் பதில் வந்தது. ஆள் எதிரில் இருக்கும்போதே வந்தது.

"இல்லீங்கண்ணா. உங்ககிட்டச் சொல்லாம சார்கிட்டப் போனாத்தான் தப்பு."

அவர் ஸ்டாண்டுகளை எடுத்து அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். "பன்னெண்டு வருசம் மோகனா. பன்னெண்டு வருசத்துல ஒருக்காத்தான் பேரு வருது." எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். கூட்டத்தில் எனக்கு வழிவிடச் சொல்லிச் சத்தம் போடுவது அவர் ஒருவர்தான்.

சங்கடம் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பூபதி அண்ணன் மலருக்குத் தன் பக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "டைப் பண்ணிரு. ஒரெழுத்து மாத்தாத." இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"என்னிடம் இருந்ததிலேயே மோசமான கேமரா எங்கள் கடை ஒன்றாம் நம்பர். அதில் ஒரு குறையும் கிடையாது. குறை இல்லாததால் நான் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஜூலை 12 அன்று இன்னொரு ஸ்டுடியோ பக்கத்தில் நிற்பதைப் பார்த்தும் ரிமோட்டின் சேனலை மாற்றவில்லை. தாலி கட்டிய நேரத்தில் ஒன்பது படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. இந்த மலரின் அட்டையில் இருப்பது அதே நிமிடத்தில், கடையிலேயே மட்டமான மூணாம் நம்பரில் மோகனப்பிரியா எடுத்த படம். ஒரு மாதமாகச் சொல்லாமல் இருந்தேன். தோழர்கள் எல்லாரும் சேனலை மாற்றவும்."

டைப் செய்தேன். ஓரெழுத்தும் மாற்றவில்லை. இரண்டு தடவை திரை மங்கலாகத் தெரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி ஒன்று. மலர் இன்று அச்சுக்குப் போக வேண்டும். சார் எல்லாப் பக்கத்தையும் கடைசியாக ஒருமுறை படித்தார். பூபதி அண்ணன் எழுதிய பக்கம் வந்ததும் நிறுத்தினார். இரண்டாம் தடவை படித்தார். பிறகு அந்தப் படத்தின் ஃபைலைத் திறக்கச் சொன்னார். மூணாம் நம்பர் படங்களுக்கு மட்டும் வரும், மூன்றில் தொடங்கும் எண்ணை விரலால் தொட்டார்.

"ஒரு மாசமா எங்கிட்டச் சொல்லல."

பூபதி அண்ணன், "எம்மேலதான் தப்புங்கண்ணா" என்றார்.

"உன்னக் கேக்கல. உனக்கு அப்பறமா இருக்குது. மோகனா, அந்தம்மா முன்னாடி பூபதி பூபதின்னு நான் பெருமையடிச்சப்பவாச்சும் வாயத் தெறந்திருக்கலாமல்ல?"

"தெறந்திருக்கோணுங்க சார்."

சார் எழுந்து போய் வாசலில் நின்றார். திரும்பி வந்தார். அட்டையில் பெயரை அவரே மாற்றச் சொன்னார். நான் மாற்றினேன். இந்தத் தடவை எழுத்து முதலில் வைத்த இடத்திலேயே சரியாக இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்து இரண்டாம் நம்பரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"அந்தோணிராசு அன்னைக்கே மானத்த வாங்கிட்டான். அந்த மூணத் தூக்கிப் போடு. இனிமே இது உன்றது. அப்பறம் இன்னொண்ணு. இந்த மாதரிப் படம் இந்தத் தாலுகாவுல ஆரும் எடுக்கல. இனி நம்ம கல்யாணம் அத்தனையிலயும் நீ பின்னாடி நில்லு. பூபதி எப்பவும்போல முன்னாடி. பின்னாடி உனக்குன்னே எழுதிக் குடுத்தாச்சு. சந்தோசந்தான?"

மனதாரத்தான் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. பூபதி அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்து, சொல்லு என்பதுபோல் லேசாக ஆட்டினார்.

வழக்கமாக இந்த இடத்தில் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, மீதியை இந்த நோட்டில் எழுதுவேன். நான் எழுந்து நின்றேன்.

"ரொம்ப சந்தோசங்க சார். ரெண்டாம் நம்பர் வாங்கிக்கறனுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கோணுங்க. அன்னைக்குப் பின்னாடி நான் போயி நிக்கலீங்க, ஜடை நழுவுனதால நின்னேன். வர்ற முப்பதாம் தேதிக் கல்யாணத்துல பூபதி அண்ணன் பின்னாடி நிக்கட்டுங்க. தாலி கட்டறப்ப மணவறைக்கு முன்னாடி நான் நிக்கறனுங்க சார்."